ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

"செகண்ட் ஹேண்ட்" என்று சொன்னாலே நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் வருஷம் நாம் வாங்கிய எஞ்சினியரிங் டிராயிங் புத்தகம் சீனியர் அண்ணனிடம் பாதி விலைக்கு வாங்கியது. டிராஃப்டரும் அப்படித்தான். நம் வொர்க்ஷாப்பில் மூலையில் நிற்கும் பெரிய லேத், ஏதோ ஒரு மில்லில் ஓடி ஓய்ந்து இங்கே வந்தது. அதில்தான் நாம் எல்லோரும் த்ரெட் வெட்டப் பழகினோம். அப்படியிருக்க, நம் நாட்டுக் கடற்படையும் பல வருஷங்கள் பெரிய பெரிய கப்பல்களை செகண்ட் ஹேண்டில் வாங்கித்தான் ஓட்டியது என்று நான் ஹாஸ்டலில் சொன்னபோது ஒரு நண்பன் சிரித்தான். "அடுத்தவன் கழிச்சுப் போட்டதை வாங்கி பெயிண்ட் அடிச்சு விட்ருப்பாங்க" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத உட்கார வைத்தது. பெயிண்ட் அடித்தால் கப்பல் ஓடுமா?

எங்கள் தாய்மாமா தூத்துக்குடியில் விசைப்படகு மெக்கானிக். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பழைய லாரி எஞ்சினை வாங்கி, ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, கடல் தண்ணீரால் குளிரும்படி பைப் போட்டு, கியர் பாக்ஸை மாற்றி, அதைப் படகு எஞ்சினாக ஆக்குவார். லீவில் நான் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் ஆள். ஒருமுறை ஒரு படகுக்காரர் ஏதோ வெளிநாட்டு எஞ்சின் ரொம்ப மலிவாக வருகிறது என்று சந்தோஷமாக வந்து சொன்னார். மாமா விலையைக் கேட்கவே இல்லை. "ஸ்பேர் எங்க கிடைக்கும்?" என்றார். அடுத்த கேள்வி, "இதுக்கு முந்தி யாரு கையால பிரிச்சுப் பூட்டுனது?" அவ்வளவுதான். படகுக்காரருக்கு இரண்டுக்குமே பதில் தெரியவில்லை. எஞ்சினும் வாங்கவில்லை.

கடற்படை கதைகளைப் படிக்கப் படிக்க எனக்கு இந்த இரண்டு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்தன.

முதலில் பழைய விக்ராந்த். உண்மையில் அது செகண்ட் ஹேண்ட் என்றும் சொல்ல முடியாது, புதுசு என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டன் கட்ட ஆரம்பித்து, போர் முடிந்ததும் பாதியில் நிறுத்திப் போட்ட கப்பல். 1957-ல் இந்தியா அதை வாங்கி, பெல்ஃபாஸ்ட் நகரில் முடிக்கச் செய்து, 1961 மார்ச்சில் படையில் சேர்த்தது. ஒன்பது வருஷத்தில் வந்தது வினை. 1970-ல் பாய்லரின் தண்ணீர் டிரம்களில் விரிசல்.

மெக்கானிக்கல் பிரிவு நண்பர்களுக்கு இது உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த பாய்லரில் மேலே ஒரு நீராவி டிரம், கீழே இரண்டு பக்கமும் இரண்டு தண்ணீர் டிரம். நடுவில் நூற்றுக்கணக்கான குழாய்கள். குழாய்களுக்கு வெளியே நெருப்பு, உள்ளே தண்ணீர். டிரம்மில் விரிசல் என்றால் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டுப் போக முடியாது. வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகம் கெட்டுப்போகும். அழுத்தம் ஏறும்போது அடுத்த விரிசல் அதன் ஓரத்திலேயே விழும். வெடித்தால் பாய்லர் ரூமில் நிற்கிறவன் கதி அதோகதி. புது டிரம்களுக்கு பிரிட்டனிடம் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஸ்பேர் எங்கே கிடைக்கும்? கடல் தாண்டி!

இதற்குள் 1971 வந்துவிட்டது. கிழக்கே போர் மேகம். டிரம் வரும்வரை கப்பலை பம்பாயில் கட்டிப் போட்டால், போரில் நாட்டின் ஒரே விமானந்தாங்கிக் கப்பல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். என்ன செய்தார்கள் தெரியுமா? பாய்லரை ஓட்டினார்கள். ஆனால் அழுத்தத்தைக் குறைத்து. 25 நாட் வரை ஓடக்கூடிய கப்பலை 14 நாட் அளவுக்குக் கட்டுப்படுத்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பு ஏற்றி, சோதித்து, மறுபடி சோதித்து, கடலுக்குக் கொண்டு போனார்கள். வேகம் குறைந்தால் வேறு ஒரு சிக்கலும் உண்டு. கப்பல் வேகமாகப் போனால்தான் மேல்தளத்தில் எதிர்க்காற்று கிடைக்கும். அந்தக் காற்று குறைந்தால் விமானம் எழும்புவதே கஷ்டம். விமானத்தைத் தூக்கி எறிகிற கேட்டபுல்ட்டுக்கும் அதே பாய்லரின் நீராவிதான். இத்தனை குறையோடுதான் 1971 டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின.

பைலட்டுகளின் வீரத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். நியாயம்தான். ஆனால் விரிசல் விட்ட டிரம்முக்குப் பக்கத்தில் நின்று பிரஷர் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தவனை நினைத்தால் எனக்கு இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

அடுத்தது விராட். இது அசல் செகண்ட் ஹேண்ட். 1944-ல் பிரிட்டனில் அடித்தளம் போடப்பட்டு, 1959-ல் 'ஹெர்மிஸ்' என்ற பெயரில் படையில் சேர்ந்து, 1982 ஃபாக்லாந்து போரில் தலைமைக் கப்பலாக இருந்து, 1984-ல் ஓய்வு கொடுக்கப்பட்டது. 1986-ல் நாம் வாங்கினோம். டெவன்போர்ட் தளத்தில் பிரித்துச் சரிசெய்து 1987 மே 12 அன்று விராட் ஆனது. அதோடு கூடப் பிறந்த அதே வகைக் கப்பல்கள் மூன்று. சென்டார், ஆல்பியன், புல்வார்க். மூன்றுமே நாம் வாங்குவதற்கு முன்பே உடைக்கும் இடத்துக்குப் போய்விட்டன. அதாவது, ஒரு பம்ப் உடைந்தால் அதே மாதிரி பம்ப் உள்ள இன்னொரு கப்பல் உலகத்தில் கிடையாது!

இந்த நிலையில் ஒரு பாகத்தை எப்படிச் செய்வார்கள்? நம் வொர்க்ஷாப்பில் செய்வதைப் போலத்தான், பெரிய அளவில். உடைந்த பாகத்தை அளந்து, தேய்மானத்தைக் கூட்டிக் கழித்து, புதிதாக இருந்தபோது என்ன அளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். என்ன உலோகம் என்று சோதிக்க வேண்டும். வார்ப்பா, அடித்துச் செய்ததா என்று பார்க்க வேண்டும். அப்புறம் டிராயிங், மெஷினிங், ஹீட் ட்ரீட்மெண்ட், சோதனை. இதில் முதல் வேலையான அளப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்பேன். தேய்ந்துபோன புஷ்ஷை அப்படியே அளந்து புது புஷ் செய்தால், தேய்ந்துபோன புஷ்தான் புதிதாகக் கிடைக்கும். அங்குலக் கணக்கில் வெட்டிய பழைய பிரிட்டிஷ் த்ரெட்டை மில்லிமீட்டர் கேஜ் வைத்துப் பார்த்தால் பொருந்துவது மாதிரிப் போக்குக் காட்டும். இரண்டு சுற்று ஏறியதும் பிடித்துக்கொள்ளும். நமக்கே நடந்திருக்கிறதே!

விராட்டில் எல்லாம் சுமுகமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். 1993-ல் எஞ்சின் ரூமில் கடல் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் கப்பல் முடங்கியது. அதைச் சரிசெய்து, புது ரேடார் போட்டு மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள். 1999 முதல் 2001 வரை இன்னொரு பெரிய வேலை. அதற்குப் பிறகு இஸ்ரேல் நாட்டு பராக் ஏவுகணை. 2009-லும் கொச்சியில் ஒரு ரீஃபிட். இதில் வேடிக்கை என்னவென்றால், உடம்பு பிரிட்டன், ஏவுகணை இஸ்ரேல், மேலே பறந்தது பிரிட்டனின் சீ ஹாரியர் விமானம், அந்த விமானத்துக்குள் பிற்காலத்தில் பொருத்தியது இஸ்ரேல் ரேடார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வோல்டேஜ், ஒவ்வொரு பிளக். இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று பேச வைத்தது நம்மாளுங்க. பிரிட்டன் தன் சீ ஹாரியர்களை 2006-லேயே நிறுத்திவிட்டது. நாம் 2016 வரை ஓட்டினோம். தயாரித்தவனே கைவிட்ட பிறகு பத்து வருஷம்!

அந்தக் கப்பலின் கடைசிப் பயணம் என் மனதில் நிற்கிறது. 2016 ஜூலை 23 அன்று மும்பையிலிருந்து கொச்சிக்கு விராட் தன் சொந்த பாய்லரில், சொந்த ஷாஃப்டில் ஓடிப் போனது. கொச்சியில் பாய்லர், புரப்பெல்லர் எல்லாம் கழற்றப்பட்டன. அக்டோபரில் டக் படகுகள் அதை மும்பைக்கு இழுத்து வந்தன. 2017 மார்ச் 6-ல் ஓய்வு. 2020-ல் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப் போனது. பிரிட்டன் 25 வருஷம் வைத்திருந்த கப்பலை நாம் 30 வருஷம் வைத்திருந்தோம். பெயிண்ட் அடித்து இதைச் செய்ய முடியாது என்று என் நண்பனுக்கு இங்கேயே சொல்லிக்கொள்கிறேன்.

இனி விக்ரமாதித்யா. இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

சோவியத் யூனியன் 'பாக்கு' என்ற பெயரில் 1987-ல் படையில் சேர்த்த கப்பல் இது. பின்னால் 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' என்று பெயர் மாறியது. 1994-ல் பாய்லர் ரூமில் வெடிவிபத்து. 1996-ல் ஒதுக்கி வைத்தார்கள். 2004 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டோம். கப்பல் இலவசம், மாற்றி அமைக்கும் செலவு மட்டும் 97 கோடியே 40 லட்சம் டாலர், 2008-ல் டெலிவரி என்பது பேச்சு. மாமா இதைக் கேட்டிருந்தால் இலவசம் என்ற சொல்லிலேயே எழுந்து போயிருப்பார். பிரித்துப் பார்த்தால்தானே தெரியும்? பிரித்தார்கள். மொத்தம் சுமார் 2,500 அறைகளில் 1,750 அறைகளைப் புதிதாகவே செய்ய வேண்டியதாயிற்று. கேபிள் மட்டும் சுமார் 2,300 கிலோமீட்டர். எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் இந்த எண்ணை ஒருமுறை கண்ணை மூடி நினைத்துப் பார்க்கவும்! கடைசியில் விலை 230 கோடி டாலரைத் தாண்டியது. படையில் சேர்ந்தது 2013 நவம்பர் 16. இந்த விலைக்குப் புதுக் கப்பலே வாங்கியிருக்கலாம் என்று சி.ஏ.ஜி. 2009-லேயே சொன்னது. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இங்கே மாமாவின் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். முந்தி யார் கையால் பூட்டியது? கப்பலைக் கட்டியது கருங்கடல் பக்கம் நிக்கோலாயேவ் நகரில். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபோது அந்த நகரம் உக்ரைன் பக்கம் போய்விட்டது. மாற்றி அமைக்கும் வேலை நடந்தது ரஷ்யாவின் வடகோடியில் செவ்மாஷ் கப்பல் தளத்தில். அவர்கள் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் கட்டுவதில் கெட்டிக்காரர்கள். விமானந்தாங்கிக் கப்பல் அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. கட்டிய கை ஒன்று, பிரித்த கை வேறு.

2012 செப்டம்பரில் கடல் சோதனை. முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது எட்டு பாய்லர்களில் ஏழு படுத்துவிட்டன. காரணம் என்ன? ஃபயர் பிரிக், அதாவது தீச்செங்கல்! நம்புகிறீர்களா? நூற்றுக்கணக்கான கோடி டாலர் கப்பலை ஒரு செங்கல் நிறுத்திவிட்டது. பாய்லர் அடுப்பின் உட்சுவரைக் காப்பது இந்தச் செங்கல்தான். பழைய முறையில் அதற்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலை அரிக்கும், புற்றுநோய் தரும். அதனால் இந்தியத் தரப்பு அது வேண்டாம் என்றது, அதனால் செங்கலை மட்டும் வைத்தோம் என்று ரஷ்யத் தரப்பு சொன்னது. நம்மாளுங்க வேண்டாம் என்றது நூற்றுக்கு நூறு சரி. பாய்லர் ரூமில் வருஷக்கணக்கில் மூச்சு விடப் போவது நம் பையன்கள். ஆனால் ஒரு பொருளை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால், அந்தச் சுவரின் கனம், விரிவு, சூடு தாங்கும் கணக்கு எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். நாம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதி மறந்துவிடுகிறோமே, அதேதான்! செங்கற்சுவரைத் திரும்பக் கட்டி 2013-ல் மறுபடி சோதித்து வாங்கினார்கள்.

(ஹாஸ்டல் மெஸ் செயலாளர் கவனத்திற்கு: அந்தக் கப்பலில் 1,600 பேருக்கு மேல். மாதத்துக்குச் சுமார் ஒரு லட்சம் முட்டை, 20,000 லிட்டர் பால், 16 டன் அரிசி. நமக்கு வாரத்துக்கு ஒரு முட்டை போடவே அங்கே கணக்கு இடிக்கிறது!)

எங்கள் ஊர் ஆட்கள் கேள்விப்பட்ட செகண்ட் ஹேண்ட் கப்பல் வேறு ஒன்று. ஜலஷ்வா. அமெரிக்கக் கடற்படையில் 1971 முதல் 'டிரென்டன்' என்ற பெயரில் ஓடி, 2007-ல் நம்மிடம் வந்தது. விலை சுமார் 4 கோடியே 80 லட்சம் டாலர்தான். ஆனால் மலிவுக்குப் பின்னால் நிபந்தனை உண்டு. விற்றவர் வந்து பார்வையிடலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. இதை சி.ஏ.ஜி. 2008-ல் குறை சொன்னது. இன்னொரு சங்கதி, அமெரிக்கக் கப்பலில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம் கரையில் 50. நேராக இணைத்தால் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடேறிக் கருகும். கன்வெர்ட்டர் வேண்டும். கப்பலோடு வரும் பட்டியலில் இப்படிப்பட்ட செலவெல்லாம் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் போல!

2020 ஜூனில், கொரோனா ஊரடங்கில், கொழும்பில் மாட்டிக்கொண்ட நம் மக்களை ஏற்றிக்கொண்டு இந்த ஜலஷ்வா தூத்துக்குடிக்கு வந்தது. வந்தவர்கள் கிட்டத்தட்ட 700 பேர். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மாமாவின் பட்டறை பூட்டிக் கிடந்தது. துறைமுகப் பக்கம் யாரையும் விடவில்லை. அம்பது வருஷம் பழைய நீராவி எஞ்சின் என்று பேப்பரில் படித்துக் காட்டினேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எவனோ நல்லா பாத்திருக்கான் மருமவனே" என்றார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை.

இதுவரை எழுதியதில் இயந்திரத்தின் கதைதான் அதிகம். இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன். 2016 ஜூனில் கார்வார் தளத்தில் விக்ரமாதித்யாவில் பராமரிப்பு வேலை நடந்தபோது, கழிவுநீர் சுத்திகரிப்பு அறையில் நச்சு வாயு கசிந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் கடற்படைக்காரர், இன்னொருவர் காண்டிராக்டில் வேலைக்கு வந்தவர். ஜலஷ்வாவிலும் 2008-ல் வாயுக் கசிவில் உயிர்ப்பலி நடந்தது. போரில் இல்லை, குண்டு விழுந்து இல்லை. பைப்பைக் கழற்றும்போது. மூடிய அறைக்குள் இறங்குமுன் காற்றைச் சோதிக்க வேண்டும், வெளியே ஒரு ஆள் கயிற்றோடு நிற்க வேண்டும், அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்கக் கூடாது. சேஃப்டி பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியாக வரும். நாமும் மூன்று வரி எழுதி இரண்டு மார்க் வாங்கிவிடுகிறோம். நம் ஊரில் சாக்கடைத் தொட்டியில் இறங்கிச் சாகிறவர்களைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிறோம். அதே வாயுதான், அதே மாதிரி மூடிய அறைதான். கப்பல் என்றால் மட்டும் அது மரியாதை பார்க்குமா?

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் கட்டிய புது விக்ராந்த் படையில் சேர்ந்தது. அதில் பாய்லர் கிடையாது, கேஸ் டர்பைன். விராட்டைப் பலமுறை ஏற்றி இறக்கிய அதே கொச்சி கப்பல் தளம்தான் அதைக் கட்டியது. அடுத்தவன் கட்டியதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிய இடத்தில் சொந்தமாகக் கட்டும் தைரியம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. 2024 நவம்பரில் விக்ரமாதித்யாவை அங்கே டிரை டாக்கில் ஏற்றிச் சரிசெய்ய சுமார் 1,207 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். இலவசமாக வந்த கப்பல்!

அந்த ஒப்பந்தத்தால் 3,500 பேருக்கு வேலை என்று செய்தியில் இருந்தது. அதில் ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன், நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், எனக்கு இப்போது இரண்டு வேலைகள் முன்னால் நிற்கின்றன. ஒன்று, ஏ.சி. ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிராயிங் நகல் எடுக்கும் வேலை. இன்னொன்று, ஒரு கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் டிரெய்னி. சம்பளத்தில் பெரிய வித்தியாசமில்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். அதனால் அம்மாவுக்கு ஒரே கணக்கு. "படிச்சும் கையில கிரீஸ்தானா? அதுக்கு உங்க மாமா பட்டறையே போதுமே" என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாமாவின் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு எந்த சோப்புக்கும் போகாது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். மாமாவுக்கும் நான் ஏ.சி. ரூமுக்குப் போவதில்தான் விருப்பம் என்று நினைக்கிறேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆனாலும் நான் டிரெய்னிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூன் மாதம் சேர வேண்டும். பாய்லர் பிரிவு கிடைக்குமா, பைப் பிரிவா என்று போன பிறகுதான் தெரியும். பைப் பிரிவு என்றால் மூடிய அறைகளுக்குள் இறங்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் விராட் 30 வருஷம் ஓடிய கதையைச் சொல்லியிருக்கிறேன். விக்ராந்த் கதையும் சொல்லியிருக்கிறேன். கார்வார் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.